நாற்காலியில் வைத்த பை

கூடுவாஞ்சேரியில் கூட்டமாக வரும் பேருந்தில் ஏறத் தெரிந்தவர்கள் முதலில் ஏறுவதில்லை. ஜன்னல் வழியாக எதையாவது இருக்கையில் போட்டுவிட்டு, அப்புறம்தான் நிதானமாகப் படிக்கட்டுப் பக்கம் வருவார்கள். ஒரே வண்டியில் ஏழு கைக்குட்டை, இரண்டு தண்ணீர் பாட்டில், ஒரு ஹெல்மெட், ஒரு கீரைக்கட்டு என்று எண்ணியிருக்கிறேன். அந்தக் கீரைக்கட்டை நகர்த்திவிட்டு யாரும் உட்காரவில்லை, கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்த நான் உட்பட. கல்யாணப் பந்தியிலும் இதே கதைதான். நாற்காலியில் கைப்பையை வைத்துவிட்டு மாமியாரை அழைத்துவரப் போவார்கள். திரும்பி வரும்போது பை இருக்கும், நாற்காலியும் இருக்கும். நாங்கள் முட்டிமோதுகிற ஜனங்கள்தான். ஆனால் வைத்த பொருளை ஆளாகவே மதிப்போம். இதற்குச் சட்டமோ அறிவிப்புப் பலகையோ கிடையாது.

இந்த மரியாதையை நம்பித்தான் என் மனைவி போன ஆண்டு ஒரு சனிக்கிழமை காலை தன் கைப்பையை ஒரு நாற்காலியில் வைத்தாள்.

எங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் கல்பாக்கத்தில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் கிடங்கில் போல்ட்டும் நட்டும் வாஷரும் எண்ணி ஓய்வு பெற்றவன். எண்ணாமல் விட்டால் ஏதோ ஒன்று குறைந்துவிடும் என்ற பயம் ஓய்வோடு போகவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை வந்து, பூட்டினோமா என்று பார்க்கத் திரும்பிப் போகிற ஜாதி. என் மனைவி சதுரங்கப்பட்டினம் பக்கத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சராக இருந்தவள். பயம் என்பது அவளுக்குப் பாடத்திட்டத்தில் இல்லாத விஷயம். ஓய்வுக்குப் பிறகு கூடுவாஞ்சேரியில் வீடு கட்டி வந்துவிட்டோம் என்றாலும், கடற்காற்று படாவிட்டால் அவளுக்கு மூச்சு முட்டும். அதனால் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காரில் கிளம்பிவிடுவோம். கேளம்பாக்கம், கோவளம், திருவிடந்தை, சில சமயம் மாமல்லபுரம் வரை. அவள் ஓட்டுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, வரப்போகிற வேகத்தடைகளை முன்கூட்டியே அறிவிப்பேன். "எனக்கும் கண்ணு இருக்குங்க" என்பாள்.

அன்றைக்கு ஒரு வேலையும் இருந்தது. பெங்களூரில் இருக்கும் எங்கள் மகனின் குழந்தைக்குக் காது குத்து வைத்திருந்தார்கள். அதற்குச் சொல்லிவைத்திருந்த தோட்டைக் கேளம்பாக்கத்தில் வாங்கிக்கொண்டு, திருவிடந்தைக் கோயிலுக்குப் போய்விட்டு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் அந்த மஞ்சள் பலகைக் கடைக்குள் நுழைந்தோம். அந்தக் கடையின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. தமிழ்நாடு முழுக்கக் கிளை இருக்கும் காபி டிபன் கம்பெனி. பெயரும் பலகையும் கம்பெனியுடையது, கடை போடுகிறவர் வேறொருவர். பிரான்சைஸ் என்கிறார்கள்.

உள்ளே பதினாறு மேசை. மேசைக்கு நான்கு நாற்காலி வீதம் அறுபத்துநான்கு இருக்கவேண்டும், அறுபத்தொன்றுதான் இருந்தது. கூரையில் ஆறு கேமரா. கூட்டமோ கூட்டம். அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. கவுண்டரில் பணம் கட்டும்போது மேசை எண் கேட்பார்கள். எண் சொல்லாவிட்டால் டோக்கன் கிடையாது. வந்தவுடன் நமக்கு இது விளங்க வேண்டும் என்பதற்காக ஒரு பெண் குரல் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருக்கும்: "அன்பான வாடிக்கையாளர்களே, முதலில் உங்கள் மேசையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு கவுண்டருக்கு வாருங்கள்." டோக்கன் வாங்கினால் தட்டை நாமே தூக்கி வரவேண்டும். இரண்டு பேர் சாப்பாட்டுக்கு இரண்டு தட்டு, அதைத் தூக்க இரண்டு ஆள்.

பதினோராம் எண் மேசை காலியாயிற்று. மனைவி கைப்பையை நாற்காலியில் வைத்தாள். இருவரும் கவுண்டருக்குப் போனோம். பொங்கல் வடையோடு திரும்பி வந்தால் பதினோராம் மேசையில் ஐந்து பேர் கொண்ட குடும்பம் உட்கார்ந்திருந்தது.

"இங்க ஒரு பை வச்சிருந்தோமே" என்றாள் மனைவி.

"பை எதுவும் இல்லயேக்கா. காலியா இருந்துது, உக்காந்தோம்" என்றார் அந்தக் குடும்பத்துப் பெண். விஷயம் விளங்கியதும் அவர் முகம் எங்களைவிட வாடிவிட்டது. எழுந்து இடம் கொடுத்தார். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். கடைசியில் வேறொன்றும் செய்யத் தெரியாமல் தன் தட்டிலிருந்த கேசரியை என் மனைவியின் தட்டில் வைத்தார்.

கடைக்காரர் ஓடிவந்தார். நாற்பது வயது இருக்கும், அந்தப் பக்கத்து ஆள், கம்பெனி கொடுத்த மஞ்சள் சட்டை போட்டிருந்தார்.

"இன்னா சார் ஆச்சு?"

சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார். "பேஜாரா பூட்ச்சே. அம்மா, நீங்க மொதல்ல நாஸ்தாவ சாப்டுங்க, ஆறிடப் போவுது. நான் கேமராவப் பாக்குறேன்."

"ஆறு கேமரா இருக்கே, ஏதாவது ஒண்ணுல விழுந்திருக்கும்" என்றேன்.

அவர் என் காதருகே குனிந்தார். "ஆறு கீது சார். அதுல ரெண்டுதான் வேலை செய்யுது. மிச்சம் நாலு கம்பெனி மாட்டச் சொன்ன டம்மி. வெளிய சொல்லாதீங்க."

வேலை செய்த இரண்டில் ஒன்றில் அவன் விழுந்திருந்தான். நீலச் சட்டைக்காரன். தன் மனைவியின் பையை எடுப்பவனைப் போல அலுத்துக்கொண்டே எடுத்துத் தோளில் மாட்டினான். கல்லாப் பக்கம் நின்று சோம்பை ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டான். போய்விட்டான். அவசரமே இல்லை. பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் நெஞ்சு அடித்துக்கொண்டது.

கடைக்காரரே எங்களைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனார். அடுத்த வாரம் திருவிடந்தைச் சவுக்குத் தோப்பில் பை கிடைத்தது. உள்ளே மூக்குக்கண்ணாடி, வீட்டுச் சாவி, ரத்த அழுத்த மாத்திரை எல்லாம் பத்திரமாக இருந்தன. மாத்திரைப் பட்டையை எண்ணினேன், ஒன்றுகூடக் குறையவில்லை. செல்பேசியும் தோடும்தான் இல்லை. ஆள் இன்றுவரை அகப்படவில்லை.

தோடு வேறு வாங்கினோம். குழந்தைக்குக் காதும் குத்தியாயிற்று. அதோடு முடிந்திருக்க வேண்டிய கதை, காது குத்து விழாவில்தான் ஆரம்பித்தது.

வந்தவர்கள் எல்லோரும் குழந்தையைப் பார்த்து முடித்துவிட்டு என் மனைவியிடம் வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி. "ஏன் டீச்சர், நகை இருக்கிற பையை யாராவது நாற்காலில வச்சிட்டுப் போவாங்களா?" இப்படிக் கேட்டவர்கள் இருபத்துமூன்று பேர். இதில் வேடிக்கை, அந்த இருபத்துமூன்று பேரும் சாப்பாட்டுக் கூடத்தில் நாற்காலிக்கு நாற்காலி பையையும் பர்ஸையும் வைத்துவிட்டுத்தான் வந்து கேட்டார்கள். மகனும் சும்மா இருக்கவில்லை.

"ஸ்கூல்ல எல்லாப் பசங்களுக்கும் சொல்லுவியேம்மா, உன் பொருளுக்கு நீதான் பொறுப்புன்னு. இப்ப யாரு பொறுப்பு?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் அடுத்த மாதச் சனிக்கிழமை வந்தபோது முழங்கால் வலிக்கிறது என்றாள். அதற்கடுத்த மாதம் வெயில் அதிகம் என்றாள். வெயில் அதிகம் என்று சொல்வது இந்த வீட்டில் என் வேலை. அவள் சொல்லிக் கேட்டபோது எனக்குச் சங்கடமாகிவிட்டது.

"என்னதான் வேணும் உனக்கு? போனது போகட்டும், வேற பை வாங்கலாம்" என்றேன்.

"பை வேண்டாங்க. தப்பு என்மேல இல்லன்னு யாராவது ஒருத்தர் சொல்லட்டும். சும்மா ஆறுதலுக்கு இல்ல. விசாரிச்சுட்டுச் சொல்லணும். எழுத்துல."

அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அதை யாரிடம் போய்க் கேட்பது என்றுதான் விளங்கவில்லை.

கம்பெனியிடம் கேட்டோம். கடையை நடத்துவது தனிநபர், உள்ளே நடப்பதற்கு அவரே பொறுப்பு, எங்கள் அன்பின் அடையாளமாக இரண்டு பேருக்கு இலவச டிபன் கூப்பன் என்று பதில் வந்தது. மனைவி அந்தக் கூப்பனைப் பார்த்த பார்வையில் பொங்கல் இருந்திருந்தால் கெட்டுப்போயிருக்கும். கடைக்காரரிடம் கேட்டோம்.

"கடை என்துதான் சார். இல்லன்னு சொல்லல. ஆனா கடைக்குள்ள கீற காத்துகூட அவங்க சொல்ற மாதிரிதான் வீசணும். சுவத்துல ஒரு ஆணி அடிக்கணும்னா மெட்ராஸ்ல கேக்கணும். எங்க நைனா அடுத்தவன் கயனில கூலிக்கு நட்டவரு. நான் ரிசார்ட்டுல பாத்திரம் தொலக்கி, வண்டி ஓட்டி, இத்தப் புடிச்சேன். எம்மேல பொறுப்புன்னு வந்துட்சுன்னா அக்ரிமெண்ட்ட கேன்சல் பண்ணிடுவாங்க. நான் இன்னா பண்ணட்டும், சொல்லுங்க."

கம்பெனி கடைக்காரரைக் காட்டுகிறது, கடைக்காரர் கம்பெனியைக் காட்டுகிறார். நடுவில் ஊரார் என் மனைவியைக் காட்டுகிறார்கள்.

"நுகர்வோர் ஆணையத்துல போடப்போறேன். ரெண்டு பேர் மேலயும்" என்றாள்.

எனக்குக் கவலை மூன்று பக்கமிருந்து வந்தது. தோற்றால் என்ன ஆகும் என்று ஒரு பக்கம். ஜெயித்துக் கடைக்காரர் கடை போய்விட்டால் என்ன செய்வது என்று மறு பக்கம். செங்கல்பட்டில் காரை எங்கே நிறுத்துவது என்று மூன்றாவது பக்கம். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கார் நிறுத்துறது மட்டும் யோசிக்க வேண்டியதுதான்" என்றாள்.

வக்கீல் வைக்கவில்லை. தானே பேசுவதாகச் சொல்லிவிட்டாள். பத்தாம் வகுப்புக்கு ஒளிவிலகலைப் புரியவைத்தவளுக்கு இது என்ன பெரிய காரியம் என்பது அவள் வாதம்.

விசாரணை நாளில் செங்கல்பட்டுக்குப் போனோம். ஆணையத்தின் அறை நான் பயந்த அளவு பெரிதில்லை. நான்கு மின்விசிறி, அதில் மூன்று சுற்றின. தலைவராக ஒரு பெண்மணி. குரல் உயர்த்தாமல் பேசுகிறவர். கம்பெனிக்காக வந்திருந்த வக்கீல் நடுத்தர வயது, நல்ல உயரம், மதுரைப் பக்கத்துப் பேச்சு. கடைக்காரர் மஞ்சள் சட்டையை விட்டு வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்து, "வாங்கம்மா, வாங்க சார், ஃபேனுக்குக் கீய குந்துங்க" என்று தன் இடத்தைக் கொடுத்தார். எதிர்த்தரப்பு இடம் கொடுக்கலாமா என்று எனக்குச் சந்தேகம். மனைவி உட்கார்ந்துவிட்டாள்.

வக்கீல் ஆரம்பித்தார். கம்பெனி தன் பெயரைப் பயன்படுத்தும் உரிமையை மட்டுமே கொடுத்திருக்கிறது, கடை இடம் கம்பெனியின் கட்டுப்பாட்டில் இல்லை, எனவே அங்கே நடந்த திருட்டுக்குக் கம்பெனி எப்படிப் பொறுப்பாகும் என்றார்.

தலைவர் கேட்டார்: "சாம்பார் யார் சொல்றபடி வைக்கிறாங்க?"

"எங்க முறைப்படிதான் மேடம். ருசி எல்லா ஊர்லயும் ஒண்ணா இருக்கணும்ல."

"நாற்காலி?"

"எங்க டிசைன்."

"டோக்கன் வாங்க மேசை நம்பர் கேக்கிறாங்களே, அது?"

"அதுவும் எங்க சிஸ்டம்தான் மேடம்."

"அப்ப திருடன் மட்டும் கடைக்காரர் கணக்கா?"

சுற்றாத நான்காவது விசிறியைத் தவிர அறையில் எல்லாம் அசைந்தது. வக்கீலே சிரித்துவிட்டார். ஆனால் ஆள் கெட்டிக்காரர். சட்டென்று வேறு வழிக்குப் போனார்.

"சரி மேடம், யார் பொறுப்புங்கிறதை அப்புறம் பாப்போம். முதல்ல வாடிக்கையாளருக்குன்னு ஒரு கவனம் வேணும்ல? நகை இருக்கிற பையை ஆள் இல்லாத நாற்காலில வச்சிட்டு ரெண்டு பேருமே போயிருக்காங்க. படிச்சவங்க, அதுலயும் டீச்சர். இதுக்கு எந்தக் கடை பொறுப்பேற்க முடியும்?"

என் மனைவியின் முகம் காது குத்து விழாவில் இருந்ததுபோல ஆகிவிட்டது. எழுந்தாள். "நான் வைக்கல, வைக்கச் சொன்னாங்க" என்று ஒலிபெருக்கிக் குரலைப் பற்றிச் சொன்னாள். அந்தக் குரல் யாருடையது என்று தலைவர் கடைக்காரரைக் கேட்டார்.

கடைக்காரர் எழுந்து கைகட்டி நின்றார். "கம்பெனி அனுப்சதும்மா. பென் டிரைவ்ல வந்துது. எல்லாக் கடைலயும் அதே பொண்ணுதான் பேசிகினு கீது. எங்க ஊட்டம்மா ஒரு நாளு, தலைவலிக்குது, கொஞ்சம் கம்மி பண்ணுய்யான்னுச்சு. பண்ணேன். மறுநாளே மெட்ராஸ்லேர்ந்து ஆளு வந்து ஏத்தி வுட்டுப் போய்ட்டாரு."

வக்கீல், அந்த அறிவிப்பு மேசையைப் பிடிக்கச் சொல்கிறதே தவிர, பையை வைக்கச் சொல்லவில்லை என்றார். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். மதியத்துக்கு மேல் தொடரலாம் என்று எழுந்தார்.

பசி. வெளியே வெயில் கொளுத்தியது. கண்ணுக்கு எட்டிய தூரத்தில் ஏசி போட்ட கடை ஒன்றே ஒன்றுதான், அதே மஞ்சள் பலகை. எனக்கு உள்ளே போக மனமில்லை. மனைவி, "சாப்பாடு என்ன பண்ணுச்சு, வாங்க" என்று போய்விட்டாள். கடைக்காரரும் கூடவே வந்தார். "இது வேற ஆளுது சார். ஆனா பாருங்க, தொடப்பம்கூட ஒரே கலரு" என்று காட்டினார். உள்ளே நுழைந்ததுமே அந்தப் பெண் குரல் எங்களை மேசை பிடிக்கச் சொன்னது. இந்தத் தடவை மனைவி மேசையில் உட்கார்ந்தே இருந்தாள். கடைக்காரரும் நானும் தட்டு தூக்கினோம். எதிர்த்தரப்பு எனக்குத் தயிர் சாதம் எடுத்துவருகிறது என்பதே செரிக்கவில்லை.

அப்போதுதான் கம்பெனி வக்கீல் உள்ளே வந்தார். கூட்டம். நான்கு பக்கமும் பார்த்தார். எங்களுக்கு அடுத்த மேசை காலியாகிக்கொண்டிருந்தது. அங்கே சாப்பிட்டவர் முழுசாக எழுந்திருக்கவில்லை, வக்கீல் தன் கறுப்புக் கோட்டைக் கழற்றி நாற்காலியின் முதுகில் மாட்டினார். வழக்குக் கட்டை மேசைமேல் வைத்தார். அதன்மேல் தன் செல்பேசியை வைத்தார். கவுண்டரைப் பார்த்து நடந்தார். எங்களை அவர் கவனிக்கவே இல்லை.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் மனைவியைப் பார்த்தேன். மூன்று பேரும் அந்தக் கோட்டைப் பார்த்தோம்.

"சார், இன்னா சார் இது" என்றார் கடைக்காரர் மெதுவாக. அவர் தோள் குலுங்கியது.

"போட்டோ எடு. சீக்கிரம் போட்டோ எடு" என்று நான் மனைவியின் முழங்கையை இடித்தேன்.

அவள் எடுக்கவில்லை. எழுந்து தன் நாற்காலியை அந்த மேசைப் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். தயிர் சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டே, பரீட்சைக் கூடத்தில் பார்ப்பதுபோல அந்தக் கோட்டையும் கட்டையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் யாரோ வந்து, "இங்க ஆளு இருக்காங்களா?" என்று கேட்டார். "இருக்காங்க, சாப்பாடு வாங்கப் போயிருக்காங்க" என்றாள்.

வக்கீல் தட்டோடு திரும்பி வந்தார். தன் மேசையைக் காவல் காப்பது யார் என்று பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"எல்லாம் சரியா இருக்கா பாத்துக்கங்க சார். போனை இப்படி வெளில வைக்காதீங்க. நான் இருந்ததால ஆச்சு" என்றாள் மனைவி.

"தேங்க்ஸ்ம்மா" என்றார் அவர். பாவம், அந்த மனிதர் சாப்பிட்ட சாம்பார் சாதத்தின் ருசி அவருக்குத் தெரிந்திருக்காது.

திரும்பி நடக்கும்போது நான் விடவில்லை. "உள்ள போனதும் முதல் வேலையா இதைச் சொல்லு. இதைவிட வேற சாட்சி வேணுமா?"

"சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"ஒருத்தர் பசில செஞ்சதைப் பிடிச்சு நாலு பேர் முன்னாடி கேட்டா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அதையே நான் அவருக்குச் செய்யணுமா?"

எனக்கு ஆத்திரமாக வந்தது. கைக்கு வந்ததை விடுகிறாளே என்று புலம்பிக்கொண்டே வந்தேன். கடைக்காரர் என்னைச் சமாதானப்படுத்தினார். "வுடு சார். அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்." எதிர்த்தரப்பே அவள் பக்கம் சாய்ந்துவிட்ட பிறகு நான் என்ன சொல்ல.

மதியம் விசாரணை தொடர்ந்தது. தலைவர் விட்ட இடத்தை மறக்கவில்லை. வக்கீலைப் பார்த்துக் கேட்டார்: "உங்க அறிவிப்பு மேசையைப் பிடிக்கச் சொல்லுது. மேசை நம்பர் இல்லாம டோக்கன் தரமாட்டீங்க. தட்டையும் அவங்களே தூக்கணும். ஆள் கவுண்டர்ல நிக்கிறப்ப மேசையைப் பிடிச்சுக்கிட்டு இருக்கிறது எது? எதை வைப்பாங்கன்னு உங்க கம்பெனி எதிர்பார்க்குது?"

வக்கீல் வாயைத் திறந்தார். கைக்குட்டை என்று சொல்ல வந்தார் என்று நினைக்கிறேன், கைகூடச் சட்டைப் பைக்குப் போயிற்று. அப்போது அவர் பார்வை எங்கள் பக்கம் வந்தது. என் மனைவி தலையைக் குனிந்து தன் கட்டைவிரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மட்டும் கண்ணைப் பெரிதாக்கி அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வக்கீல் பெருமூச்சு விட்டார்.

"கையில என்ன இருக்கோ அதைத்தான் மேடம் வைப்பாங்க. இன்னிக்கு மத்தியானம் நான் இந்தக் கோட்டை வச்சேன். இந்தக் கேஸ் கட்டையும் வச்சேன். இந்தம்மாதான் உக்காந்து பாத்துக்கிட்டாங்க."

கடைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

"எதிர்த்தரப்பு வக்கீல் சொன்னதைப் பதிவு பண்ணிக்கலாமா?" என்று கேட்டார்.

"பண்ணிக்கங்க மேடம். நான் சொல்லாட்டியும் அந்த சார் சொல்லியிருப்பாரு" என்று என்னைக் காட்டினார். உண்மைதான். எழுந்திருக்க ஆயத்தமாகத்தான் இருந்தேன்.

அதன் பிறகும் அவர் தன் கட்சிக்காரருக்காக நன்றாகவே வாதாடினார். கேமரா, காவலாளி எல்லாம் கடைக்காரர் பொறுப்பு என்றார். டம்மி கேமராவைப் பற்றிக் கடைக்காரர் தானே எழுந்து சொல்லிவிட்டார். அது வெளியே வந்ததில் எனக்கு நிம்மதி. ரகசியம் காப்பது எனக்கு உடம்புக்கு ஆகாது.

தீர்ப்புக்குக் கொஞ்ச நாள் ஆயிற்று. அதுவரை நான் தூங்கியது கம்மி. வந்த தீர்ப்பில் பதினான்கு பத்தி இருந்தது. கம்பெனி வகுத்த முறைதான் வாடிக்கையாளரைப் பொருளை வைத்துவிட்டுப் போகவைக்கிறது, ஆகவே பெயரை மட்டும் கொடுத்தோம் என்று கம்பெனி ஒதுங்கமுடியாது. இடத்தைக் கண்காணிக்க வேண்டியவர் கடைக்காரர், ஆகவே அவரும் ஒதுங்கமுடியாது. நஷ்ட ஈட்டில் பெரும்பங்கைக் கம்பெனியும் சிறுபங்கைக் கடைக்காரரும் கட்டவேண்டும். கடைக்காரரின் ஒப்பந்தத்தைக் கம்பெனி ரத்து செய்யவில்லை. தீர்ப்பைப் பார்த்த பிறகு அவர் போன் செய்தார். "கம்பெனில மொறையே மாத்திட்டாங்க சார். இனிமே டேபிளாண்டயே வந்து ஆர்டர் எடுக்கணுமாம். ரெண்டு ஆளு எக்ஸ்ட்ரா போடணும். உங்களாலதான்" என்றார். திட்டுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. "அம்மாவ ஒரு தபா கூட்டினு வாங்க சார். காபி நானே எடுத்தாறேன்" என்றபோது புரிந்தது.

என் மனைவி நஷ்ட ஈட்டுப் பத்தியைத் தாண்டிப் போய்விட்டாள். அவள் தேடியது பதினோராவது பத்தியில் இருந்தது. எல்லா மனிதரும் வழக்கமாகச் செய்வதையே மனுதாரர் செய்தார், அவர்மேல் கவனக்குறைவு ஏதும் இல்லை என்று எழுதியிருந்தார்கள். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒருமுறை மனதுக்குள் படித்தாள். பிறகு பெங்களூருக்குப் போன் போட்டாள். சமையலறையில் நின்றுகொண்டே அந்தப் பத்தி முழுவதையும் மகனுக்கு வாசித்தாள்.

"சரிம்மா. நான் சொன்னது தப்புதான். உன்மேல ஒண்ணும் இல்ல" என்றான் மகன்.

"வாயில சொன்னா போதுமா? எழுதி அனுப்பு."

"அம்மா."

"குடும்ப குரூப்ல போடு. காது குத்துக்கு வந்தவங்க எல்லாரும் அதுலதான் இருக்காங்க."

கொஞ்ச நேரத்தில் போட்டான். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் கைகூப்பும் படம் போட ஆரம்பித்தார்கள். யார் யார் போட்டார்கள், யார் இன்னும் போடவில்லை என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பத்தொன்பதுவரை வந்திருந்தது, அவளைக் கூப்பிட்டேன், காட்டலாம் என்று. எட்டிப் பார்த்தால், தோளில் பையை மாட்டிக்கொண்டு வாசலில் காரைக் கிளப்பிக்கொண்டிருந்தாள். அன்றைக்குச் சனிக்கிழமைகூட இல்லை.